கனாமேயின் முப்பத்துமூன்றாவது ஏற்றம்

ஹொசாகா கனாமே மலையேறுகிறவர். சலவைக் கடை நடத்தினார், கல்யாணம் செய்தார், ஒரு பையனைப் பெற்றார் என்பதெல்லாம் அவரைக் கேட்டால் சில்லறை விஷயம். யாராவது ஒரு சட்டையைக் கொண்டுவந்து, "சனிக்கிழமைக்குள்ள கிடைக்குமா?" என்று கேட்டால் போதும். "சனிக்கிழமை உச்சியில மேகம் இறங்கும், பாத்துக்கிட்டே இருங்க" என்று ஆரம்பித்துவிடுவார். விவரம் தெரிந்தவர்கள் சட்டையை மேசைமேல் போட்டுவிட்டுக் கால் நிற்காமல் போய்விடுவார்கள். வெளியூர்க்காரர்கள்தான் பாவம், நின்று கேட்டுத் தொலைப்பார்கள்.

ஹிமினே மலை எங்கள் கடைத்தெருவுக்கு நேர் பின்னால் நிற்கிறது. உச்சியில் இருக்கிற கோயிலில் நெருப்பை அடக்கி வைக்கிற தெய்வம். தெருவில் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்து ஒரு யாத்திரைக் குழு உண்டு. வருஷம் ஒரு தடவை, ஏப்ரல் கடைசியில், வெள்ளை உடுத்திக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்தே ஏறுவார்கள். வீட்டுக்கு ஒரு காப்புச் சீட்டு வாங்கி வந்து அடுப்படிச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். மணி கட்டிய கோலைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிறவருக்கு முன்னோடி என்று பெயர். எங்கள் முன்னோடி கனாமே. அவருக்கு முன்னால் இருந்தவர் காலமானபோது அந்தக் கோலை யாரும் கேட்கவில்லை, இவர் கையை நீட்டினார், கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. தெய்வமே நேரில் வந்து கூப்பிட்டுக் கொடுத்த மாதிரி அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மலைப் பாதையில் அவரோடு நடப்பது ஒரு தண்டனை. எதிரில் வருகிறவர்கள் வணக்கம் சொல்வது வழக்கம். கனாமே அதற்கு மதிப்பெண் போடுவார். ஒருத்தர் மெதுவாகச் சொன்னால், "சோறு சாப்பிடலையாம் இவரு" என்பார். ஒருத்தர் சொல்லாமல் போய்விட்டால் நின்று திரும்பி, அந்த ஆளின் முதுகைப் பார்த்து, பதில் வருகிறவரை வணக்கம் வணக்கம் என்று கத்துவார். புதுச் சப்பாத்து போட்டவன் பணக்காரக் கோமாளி. இரண்டு கையிலும் ஊன்றுகோல் வைத்திருக்கிறவன் நாலுகால் பிராணி. கரடிக்குப் பயந்து இடுப்பில் மணி கட்டினவன் கோழை. தன் கோலிலும் மணிதான் இருக்கிறது என்பது அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

எல்லாரையும்விட ரோப் காரில் போகிறவர்கள்தான் அவருக்குக் கேவலம். தலைக்கு மேலே பெட்டி போகும்போதெல்லாம் கோலைத் தூக்கிக் காட்டி, "தொங்கிக்கிட்டுப் போய்க் கும்பிட்டா சாமியும் உங்களைத் தொங்கத்தான் விடும்!" என்று சத்தம் போடுவார். பெட்டிக்குள் இருக்கிறவர்கள் யாரோ நல்ல மனுஷர் வாழ்த்துகிறார் என்று நினைத்துக் கையை ஆட்டுவார்கள்.

டோஃபு கடை இனாபாவின் கதை ஒன்று போதும், இவர் லட்சணம் தெரிய. ஒரு வருஷம் கோயிலில் கும்பிட்டு முடித்து இறங்கும்போது இனாபா கால் பிசகி விழுந்தார். கணுக்கால் பூசணி மாதிரி வீங்கிவிட்டது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அவரைத் திரும்ப மேலே கொண்டுபோய் ரோப் காரில் இறக்கி அனுப்பினார்கள். அடுத்த கூட்டத்தில் கனாமே எழுந்து நின்றார்.

"இறங்குறதும் ஏத்தத்துல சேந்ததுதான். பாதியில தொங்கினவருக்குக் கணக்கு அன்னியோட அழிஞ்சது. மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கட்டும்."

இனாபா அப்போது பத்தொன்பது ஏற்றம் முடித்திருந்தார். கூட்டத்தில் ஒருத்தர் வாய் திறக்க வேண்டுமே? எல்லாரும் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனாபா குனிந்து வணங்கினார். மறுநாள் கட்டுப் போட்ட காலோடு ஒரு பாத்திரம் டோஃபு எடுத்துக்கொண்டு வந்து, தன்னால் குழுவுக்குத் தலைகுனிவு என்று மன்னிப்பும் கேட்டார். கனாமே அந்த டோஃபுவை வாங்கி வைத்து இரண்டு வேளை சாப்பிட்டார்.

இந்த மனுஷரோடு ஒருத்தி குடித்தனம் நடத்தினாள், நோபுவே. கடையில் அவர் ஓர் இஸ்திரிப் பலகை, அவள் ஓர் இஸ்திரிப் பலகை, நடுவில் ஒரு கை தூரம். காலையிலிருந்து கடை சாத்துகிறவரை அவர் பேசுவார், அவள் தேய்ப்பாள். மாடியில் சாப்பாடு, அப்போதும் பேசுவார். அவள் பதில் "அப்படியா" என்ற ஒரே சொல். தன்னைப்போல ஒரு புருஷன் கிடைத்ததில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று கனாமே நினைத்திருந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மலையில் முப்பத்துமூன்று தடவை நடந்து ஏறினவருக்குக் கோயில் வாசலுக்குப் பக்கத்தில் கல் நடுவார்கள். பெயரும் "நடந்தே முப்பத்துமூன்று" என்ற வரியும் அதில் வெட்டியிருக்கும். பேரன் பேத்தி காலத்துக்கும் அழியாது. கனாமே அதற்காகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு முடிந்தது. குழுவும் முன்கூட்டியே கல்லைச் செதுக்கி, மேலே ஏற்றி, வெள்ளைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டது. அந்தக் குளிர்காலத்தில்தான் அவர் வலது முட்டி வேலைநிறுத்தம் செய்தது.

பக்கத்து ஊருக்குப் போய், தெரிந்தவர் யாரும் இல்லாத ஆஸ்பத்திரியில் காட்டினார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "மாடிப்படியே ஏறக் கூடாது, நீங்க மலையைப் பத்திப் பேசுறீங்களே" என்று சிரித்தார். கனாமேக்குச் சிரிப்பு வரவில்லை. கல் வெட்டியாயிற்று. இப்போது போய் முடியவில்லை என்று சொன்னால், இனாபா முகத்தில் எப்படி முழிப்பது? இனாபாவுக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயமா என்று ஊர் கேட்காதா? கேட்காது. எங்கள் ஊர் எதைத்தான் கேட்டது? ஆனால் மனசுக்குள் நினைக்குமே, அதை அவரால் தாங்க முடியாது.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஏப்ரல் கூட்டத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "முப்பத்துமூணாவது ஏத்தத்தை முன்னோடி தனியாத்தான் ஏறணும். மத்தவங்களுக்கு முன்னாடி, விடியுறதுக்குள்ள, பழைய பாதையில. அதுதான் பழைய வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் கிடையவே கிடையாது. அந்த நிமிஷம் பிறந்தது. ஆனால் கூட்டத்தில் பதினோரு பேர் இருந்தார்களே, ஒருத்தராவது "எப்போதிருந்து?" என்று கேட்டாரா? கேட்டால் தனக்கு மட்டும் தெரியவில்லை என்று ஆகிவிடுமே. சைக்கிள் கடை குசானோ முதலில் தலையாட்டினார்.

"ஆமா, எங்கப்பா சொல்லிக் கேட்டிருக்கேன்."

"நானும் எங்கயோ படிச்சேன்" என்றார் இன்னொருத்தர்.

கூட்டம் முடிவதற்குள் அந்த வழக்கத்துக்கு முந்நூறு வயசாகிவிட்டது. அன்றைக்கு ஏறும்போது என்ன சாப்பிடக் கூடாது என்றுகூட ஒருத்தர் விளக்கம் சொன்னார். கனாமேக்கே கொஞ்சம் பக்தி வந்துவிட்டது.

அந்த நாளும் வந்தது. கனாமே இருட்டோடு கிளம்பினார். தெருமுனை திரும்பினதும் மலைப் பாதைக்குப் போகாமல் ரோப் கார் நிலையத்துக்குப் போனார். முதல் பெட்டி கிளம்புகிறவரை அங்கே கழிப்பறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளை உடைக்கு மேலே பையன் விட்டுப்போன மழைக்கோட்டு, மூக்குவரை முகமூடி, கண்வரை தொப்பி. தேவதாரு மகரந்தம் பறந்து ஓயாமல் தும்மல் வருகிற காலம், ஊரில் பாதிப் பேர் அந்தக் கோலத்தில்தான் திரிவார்கள். கோலைச் செய்தித்தாளில் சுருட்டி, சத்தம் வராமலிருக்க மணிமேல் ஒரு காலுறையை மாட்டியிருந்தார். ஊரையே வாய் கிழியப் பேசின ஆள் கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு, வெளியே யாராவது செருமினால் நடுங்கினார்.

பெட்டியில் ஏறி மூலையில் சுவரைப் பார்த்தபடி நின்றார். கூட வந்தது கேமராவும் கையுமாக ஒரு வெளியூர்க் கிழத் தம்பதி மட்டும்தான். அப்பாடா என்று மூச்சு விட்டார். அப்போது பெட்டி வாசலில் நின்று சீட்டு வாங்குகிற பெண் குஷியாகக் கூவினாள்.

"வாங்க வாங்க நோபுவே அம்மா! உங்க ஜன்னல் காலியாத்தான் இருக்கு!"

எங்கள் ஊரில் நோபுவே என்று ஒரே ஒருத்திதான். கனாமே ஓரக்கண்ணால் பார்த்தார். அவர் மனைவியேதான். அவர் பார்த்தே இராத ஒரு பச்சைத் தொப்பி, உதட்டில் லேசாகச் சாயம், மடியில் சாப்பாட்டுத் துணிமூட்டை. சொந்த வீட்டு நாற்காலியில் உட்காருகிற மாதிரி ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். கதவு மூடியது, பெட்டி நகர்ந்தது.

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் தப்பித்திருப்பார். அது அவரால் ஆகிற காரியமா?

"ஏய்! நீ ரோப் கார்லயா?"

நோபுவே திரும்பினாள். குரல் தெரிந்தது, பிறகு தொப்பிக்குக் கீழே கண்ணும் தெரிந்தது. அவளுக்குப் பயம் வரவில்லை. பலகாரத்தில் ஈ விழுந்ததைப் பார்த்த முகம் ஆயிற்று.

"நீங்களா?"

"மானம் போச்சு! முன்னோடி பொண்டாட்டி கயித்துல தொங்குறா! நாலு பேரு பாத்தா என்னாகும்?"

"முன்னோடியே தொங்குறாரே."

"கத்தாதடி. எனக்கு... முட்டி. இந்த ஒரு தடவைதான். நீ எத்தனை வருஷமா இந்தக் கூத்து?"

"பையனைப் பள்ளிக்கூடத்துல சேத்த வருஷத்துலேருந்து. நீங்க அந்தப் பக்கம் நடந்து போனதும் நான் இந்தப் பக்கம் வந்துடுவேன்."

"கோயிலுக்கா?"

"கோயிலுக்கு எதுக்கு? அங்க நீங்க இருப்பீங்க. மேல நிலையத்துக்குப் பின்னாடி ஒரு பெஞ்சு இருக்கு. உக்காருவேன். சோத்து உருண்டை சாப்பிடுவேன். நீங்க வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போயிடுவேன்."

"யாரோட பேசிக்கிட்டிருப்ப?"

"யாரும் பேச மாட்டாங்க. அதுக்குத்தான் வர்றதே."

வேறு எந்த ஆணாக இருந்தாலும் இந்த இடத்தில் செவிட்டில் அறைந்தது போல இருந்திருக்கும். கனாமே காதில் எதுவும் விழவில்லை. இவள் வெளியில் சொல்லிவிட்டால் கல் என்னாவது, அது ஒன்றுதான் அவர் தலையில் ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக் கெஞ்ச ஆரம்பித்தார்.

"யாருகிட்டயும் மூச்சு விடாத, என்ன? இன்னிக்கு ஒரு நாள். கல்லைத் திறந்துட்டா முடிஞ்சது. கோலைக் குசானோகிட்ட கொடுத்துடப் போறேன்."

நோபுவே துணிமூட்டையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"அடுத்த வருஷம் போக மாட்டீங்களா?"

"எதுக்கு? முப்பத்துமூணு ஆச்சுல்ல. இனிமே மலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வருஷம் முச்சூடும் உன்கூடவேதான் இருப்பேன். ஒரு நாள்கூட உன்னைத் தனியா விட மாட்டேன்."

அவள் முகம் வெளுத்துப்போனது. கண்கூடக் கலங்கினது. இத்தனை வருஷம் கழித்துப் புருஷன் இப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டானே என்று உருகுகிறாள், பாவம் என்று கனாமே நினைத்தார். அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "அழாத, அழாத" என்றார். மேலே போய்ச் சேருகிறவரை நோபுவே ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். சோற்று உருண்டையைத் தொடவில்லை.

உச்சி நிலையத்துக்குப் பின்னால் ஒரு தண்ணீர்க் குழாய். கனாமே மழைக்கோட்டைக் கழற்றிப் பைக்குள் திணித்தார், கோலைப் பிரித்தார், மணியைக் காலுறையிலிருந்து விடுவித்தார். கெண்டைக்காலில் சுற்றியிருந்த வெள்ளைக் கால்கட்டில் சேற்றைப் பூசினார். நெற்றியிலும் கழுத்திலும் தண்ணீரைத் தெளித்துக்கொண்டார். நோபுவே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதுகையும் அக்குளையும் நனைச்சுக்குங்க. உங்களுக்கு வேர்க்குறது அங்கதான். நாப்பது வருஷமா உங்க சட்டையைத் துவைக்கிறவ நான்."

சரிதான் என்று நனைத்துக்கொண்டார்.

குழு வந்து சேர்ந்தபோது கனாமே துணி மூடிய கல்லுக்குப் பக்கத்தில் கோலை ஊன்றி, கண்ணை மூடி நின்றார். காட்டுப் பாதையிலிருந்து "ஐம்புலனும் மனசும் சுத்தமாகட்டும்!" என்ற கூச்சல் நெருங்கி வந்தது. அவரைப் பார்த்ததும் ஆளாளுக்கு ஓடிவந்தார்கள். இனாபா சேறு படிந்த கால்கட்டைத் தொட்டுப் பார்த்து அழுதேவிட்டார்.

"அண்ணே, இருட்டுல, தனியா, அந்தப் பழைய பாதையில... எப்படி அண்ணே?"

"மலை என்னைத் தூக்கிட்டு வந்துடுச்சு, தம்பி" என்றார் கனாமே. கூசாமல் சொன்னார்.

அதற்குள் நோபுவேயும் மெல்ல வந்து பின்னால் நின்றாள். குசானோ பார்த்துவிட்டார்.

"அட, அண்ணியும் வந்துட்டாங்க! எப்படி வந்தீங்க அண்ணி?"

"ரோப் கார்ல."

"பொம்பளைங்களுக்கு என்ன, வரலாம், வரலாம்" என்று எல்லாரும் சிரித்தார்கள். கனாமேயும் சிரித்தார்.

கோயில் தலைமைத் துறவி மந்திரம் ஓதித் துணியை எடுத்தார். கல்லில் பெயர் பளிச்சென்று இருந்தது. பேசச் சொன்னார்கள். இரண்டு வார்த்தை பேசி உட்கார்ந்திருக்கலாம். இந்த மனுஷர் வாய்க்கு அணை ஏது? முப்பத்துமூன்று ஏற்றத்தையும் ஒவ்வொன்றாக விவரித்தார். இன்று காலை பாறையில் வழுக்கியதை, பனியில் வழி மறைந்ததை, எங்கேயோ ஒரு மான் நின்று பார்த்ததைச் சொன்னார். இல்லாத அந்த மான் அவரை வணங்கியதாம். கடைசியில் குரல் தழுதழுக்க முடித்தார்.

"என் கால் ஒவ்வொரு அடியையும் மண்ணுலதான் வச்சிருக்கு. கயித்துல தொங்குறவங்களுக்கு இது புரியாது. அதனாலதான் அன்னிக்கு இனாபா விஷயத்துல நான் கண்டிப்பா இருந்தேன்."

இனாபா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைகுனிந்து ஒத்துக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நோபுவே மட்டும் தலை நிமிர்ந்து புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே இந்தக் கோல் குசானோவுக்கு" என்று கனாமே இரண்டு கையாலும் கோலை நீட்டினார். குசானோ குனிந்து கையை நீட்டினார்.

"குசானோ தம்பி, அதை வாங்காதீங்க."

எல்லாரும் திரும்பினார்கள். அந்தப் பெண்பிள்ளை கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை. நோபுவே முன்னால் வந்து, துறவிக்கு நிதானமாக ஒரு கும்பிடு போட்டாள்.

"மன்னிக்கணும் சாமி. எங்க வீட்டுக்காரருக்குத் தன் வாயால சொல்லக் கூச்சம், அதான் கோலைக் கொடுக்குறாரு. இன்னிக்குக் காலைல என்கிட்ட சொன்னாரு, முப்பத்துமூணு பத்தாது, அறுபத்தாறு ஏறியே தீருவேன்னு."

"அறுபத்தாறா!" துறவிக்கு மூச்சே நின்றது. "அப்படி ஒரு கல்லை எங்க குரு காலத்துலயும் நட்டதில்லையே!"

"ஆமா சாமி, நூறு வயசானாலும் விட மாட்டாராம். அதுவும் இனிமே தனியா இல்ல. எல்லாருக்கும் முன்னாடி, எல்லாரும் பாக்க, அடிவாரத்துலேருந்து நடந்தே." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "இல்லைங்களா? நான் தப்பாச் சொல்லியிருந்தா, இன்னிக்குக் காலைல எந்த இடத்துல என்ன பேசினோம்னு நீங்களே எல்லாருக்கும் விவரமாச் சொல்லிடுங்க."

கனாமே வாயைத் திறந்தார். கல்லைப் பார்த்தார், இனாபாவைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். தலையை மெதுவாக ஒரு தடவை ஆட்டினார். கைதட்டல் மலையையே உலுக்கியது. துறவி அழுதார், இனாபா அழுதார், குசானோ கோலைத் திரும்பக் கனாமேயின் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

"முன்னோடி ஐயா, இறங்கலாமா? நீங்க முன்னால போங்க!"

வரிசை கட்டி எல்லாரும் நின்றுவிட்டார்கள். இறங்குவதும் ஏற்றத்தில் சேர்ந்ததுதான் என்று சட்டம் போட்டவர் அவர்தான். செங்குத்தான அந்தப் பாதையைப் பார்த்ததுமே முட்டி வலித்தது. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டு மனைவியிடம் வந்தார்.

"பாவி, உனக்கு நான் என்னடி செஞ்சேன்? இந்த முட்டியோட வருஷா வருஷம் ஏறினா நான் செத்துப்போவேன்."

நோபுவே சோற்று உருண்டை மூட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, பெஞ்சுப் பக்கம் நடக்கத் திரும்பினாள்.

"மெதுவா ஏறுங்க, ஒரு அவசரமும் இல்ல. வருஷத்துக்கு ஒரே ஒரு நாள்தான் நான் உங்க குரலைக் கேக்காம இருக்கேன். அதை விட்டுட்டு என்னால உயிரோட இருக்க முடியாதுங்க."